வயலில் நடந்து சுட எந்தத் துப்பாக்கி: 12 போரா, 20 போரா?

கேள்வி: 23 ஆகஸ்ட் 2025

அண்ணா, எனக்கு ஷாட்கன் சான்றிதழ் போன வாரம் கைக்கு வந்தது. நார்ஃபோக்கில் என்னோடு வேலை பார்ப்பவரின் மாமனாருக்கு 280 ஏக்கர் இருக்கிறது. கோதுமை, சுகர் பீட், நடுவில் இரண்டு சின்னத் தோப்பு. நாயோடு நடந்து பறவை கிளப்பிச் சுட அனுமதி எழுதியே கொடுத்துவிட்டார். இதுவரை க்ளே தட்டு (பறவைக்குப் பதிலாக வானில் எறியும் களிமண் தட்டு) மட்டும்தான் சுட்டிருக்கிறேன், அதுவும் கிளப்பின் துப்பாக்கியில். கடையில் 30 அங்குலக் குழல் உள்ள 12 போர் (போர் என்பது குழலின் அகல அளவு) ஸ்போர்ட்டர் ஒன்றைக் காட்டி, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்கிறார்கள். வாங்கலாமா?

23 ஆகஸ்ட், இரவு

வாங்க வேண்டாம் தம்பி. அது நல்ல துப்பாக்கியாகத்தான் இருக்கும். ஆனால் நின்ற இடத்தில் நின்று ஐம்பது, நூறு தட்டு சுடுவதற்காகச் செய்தது. எடை பெரும்பாலும் மூன்றரை கிலோ வாக்கில் இருக்கும். அங்கே அந்த எடை நல்லது: உதை தெரியாது, குழல் சீராக ஓடும். வயலில் நான்கு மணி நேரம் நடப்பீர்கள், பத்துத் தோட்டா சுட்டால் அதிகம். மீதி நேரம் முழுக்கத் தூக்கிச் சுமக்க வேண்டும்.

20 போர், மேல்கீழ்க் குழல் (ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல்), 28 அங்குலம், 2.9 கிலோவுக்குள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

24 ஆகஸ்ட்

நேற்று முடிவை மட்டும் எழுதினேன், காரணம் எழுதவில்லை.

நான் இருப்பது லிங்கன்ஷயரின் தெற்கு மூலை. கண்ணுக்கெட்டிய வரை தட்டை நிலம், கறுப்பு மண், வரப்புக்குப் பதிலாக ஆழமான வாய்க்கால்கள். ஒரே பண்ணையில் பதினொரு குளிர்காலமாக நடக்கிறேன். ஆட்கள் பறவைகளை விரட்டிக்கொண்டு வர, வரிசையில் நின்று தலைக்கு மேல் போவதைச் சுடுவது வேறு விளையாட்டு. நடந்து சுடுவதில் பறவை உங்கள் காலடியிலிருந்து கிளம்பும், உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும். ஃபெசன்ட் (காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை) சேவல் எழும்போது பட்டாசுச் சரம் மாதிரி ஒரு சத்தம் போடும், அதில் பாதி நெஞ்சு நின்றுவிடும். துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, குழலை ஓட்டி, விசையை அழுத்த இரண்டு வினாடி, மிஞ்சினால் மூன்று. அப்போது ஒரு கால் சேற்றில் புதைந்திருக்கும், இன்னொரு கால் உழவு சால் மேல் இருக்கும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது எடை. இரண்டாவது, துப்பாக்கி உங்கள் உடம்புக்குப் பொருந்துவது. குறிபார்க்க நேரம் கிடையாது. கண் பறவையில் இருக்கும், துப்பாக்கி தானாகக் கண் பார்க்கும் இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். பின்கட்டை அரை அங்குலம் நீளமாக இருந்தாலும் குளிர்காலக் கோட்டில் அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். கடையில் ஆகஸ்ட் மாதம் சட்டையோடு தோளில் வைத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் டிசம்பரில் அவதிப்படுகிறார்கள். வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை, கோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

25 ஆகஸ்ட்

20 போர் என்று சொன்னவுடன் இதையும் சொல்லியிருக்க வேண்டும். போர் எண் பழைய கணக்கு: ஒரு பவுண்டு ஈயத்தில் குழலின் விட்டத்துக்கு எத்தனை குண்டு உருட்ட முடியுமோ அந்த எண். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. 12 போர் 18.5 மில்லிமீட்டர், 20 போர் 15.6.

20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கிக்குள் போட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், தோட்டா அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் நின்றுவிடும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை போய்விடும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இரண்டு அளவும் வீட்டில் இருந்தால் ஒரே பையில், ஒரே கோட்டுப் பாக்கெட்டில் போடவே கூடாது. நான் 20 போர் எடுத்துப் போகும் கோட்டு தனி.

30 ஆகஸ்ட்

சோக், அதாவது குழல் முனையின் குறுகல், எது என்று கேட்டிருந்தீர்கள். முதல் குழலில் கால் சோக், இரண்டாவதில் அரை. அவ்வளவுதான்.

நம் பறவை விலகித்தானே போகிறது. முதல் வெடி 20, 25 அடி எடுத்துவைக்கும் தூரத்தில், இரண்டாவது அதைவிடத் தள்ளி. எனவே முதல் குழலின் சிதறல் விரிந்திருக்க வேண்டும், இரண்டாவது கொஞ்சம் இறுக்கம். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் கால் சோக் தோட்டாவிலுள்ள ரவையில் (சிறு குண்டுகளில்) 55 சதவீதத்தைப் போடும், அரை சோக் 60 சதவீதம், முழுச் சோக் 70. முழுச் சோக்கில் காலடிச் சேவலைச் சுட்டால் தப்பும், அல்லது கறிக்கு ஒன்றும் மிஞ்சாது. கழற்றி மாட்டும் சோக் உள்ள துப்பாக்கி வாங்கினால் இரண்டை மாட்டிவிட்டு மற்றதை அலமாரியில் வையுங்கள். வயலுக்குப் போய்ச் சோக் மாற்றிக்கொண்டு நிற்பவர்கள் பறவையைப் பார்ப்பதில்லை.

2 செப்டம்பர்

ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்ற கேள்விக்கு வேறு இழையில் "ஞாயிறு எதையும் சுடக்கூடாது" என்று எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1831ஆம் ஆண்டுச் சட்டப்படி ஞாயிறும் கிறிஸ்துமஸ் நாளும் சுடக்கூடாதவை ஃபெசன்ட், கவுதாரி, பெரிய முயல் போன்றவை. புறாவும் குழிமுயலும் அந்தப் பட்டியலில் இல்லை. புறாவுக்கு வேறு விதி: பயிர்ச் சேதத்தைத் தடுக்க ஜிஎல்42 என்ற பொது உரிமத்தின் கீழ்தான் சுடலாம், அதன் நிபந்தனைகளைப் படித்து வைத்திருக்க வேண்டும். ஆனாலும் ஊர்க்காரர்கள் தேவாலயத்துக்குப் போகும் நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் பண்ணைக்காரருக்குத்தான் சங்கடம். நான் போவதில்லை.

கவுதாரி நேற்றுத் தொடங்கிவிட்டது. ஃபெசன்ட் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. இந்த முறை பிப்ரவரி 1 ஞாயிறு, ஆகவே ஜனவரி 31 சனிக்கிழமைதான் கடைசி நாள். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

13 செப்டம்பர்

கடையில் சொல்லும் எடையை நம்ப வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கிக்கு 150 கிராம் வித்தியாசம் வரும், கட்டையின் மரம் அப்படி. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கக் கொக்கித் தராசு வைத்திருப்போமே, அதைக் கொண்டு போங்கள். குழலையும் கட்டையையும் கழற்றி உறையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் காலி உறையின் எடையைக் கழித்துவிடுங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். என் 20 போர் 2.86. என் 12 போர் 3.31.

அதோடு எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு கைக்கும் நடுவில் இருந்தால் மூன்று கிலோவும் லேசாகத் தோன்றும். குழல் முனையில் இருந்தால் மதியத்துக்குள் இடது தோள் வலிக்கத் தொடங்கும்.

28 செப்டம்பர்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: "வேட்டையே குற்றம்தானே, இதை இப்படிப் பகிரங்கமாகப் பேசுகிறீர்களே?"

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை அதுதான், அந்தச் சட்டம் அங்கே தேவை என்பதுதான் என் எண்ணமும். இங்கே சுடும் உரிமை நிலத்தோடு ஒட்டியது. எந்தப் பறவை, எந்த மாதம், யார் நிலம் என்று வரம்பு இருக்கிறது. அதற்குள்ளும் நாமாகக் கைகட்டிக்கொள்ள வேண்டிய இடங்கள் உண்டு. சாம்பல் கவுதாரி இந்த நாட்டில் வெகுவாகக் குறைந்துவிட்டது. 250 ஏக்கரில் இலையுதிர்காலத்தில் இருபது பறவைக்குக் குறைவாக இருந்தால் தொடக்கூடாது என்பது இங்குள்ள வனவுயிர் ஆய்வாளர்களின் அறிவுரை. எங்கள் பண்ணையில் இரண்டு கூட்டம் இருக்கின்றன, பதினொரு வருடத்தில் ஒன்றைக்கூட நான் சுட்டதில்லை. சிவப்புக்கால் கவுதாரிக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் பறக்கும்போதே தெரியும்வரை கவுதாரியைச் சுடாதீர்கள் தம்பி. எந்தத் துப்பாக்கி என்பதைவிட இது முக்கியம்.

11 அக்டோபர்

ஆகஸ்ட் 23 அன்று "சந்தேகமே இல்லை" என்று எழுதினேன். இப்போது சந்தேகம் வந்துவிட்டது, விரிவாக எழுதுகிறேன்.

போன வருடம் வரை 20 போரில் ஈய ரவைதான் சுட்டேன். இந்த சீசனிலிருந்து ஸ்டீலுக்கு மாறிவிட்டேன். ஈயத்தின் அடர்த்தி 11.3, ஸ்டீல் 7.8. அதே அளவு ரவை ஸ்டீலில் லேசாக இருக்கும், வேகம் சீக்கிரம் குறையும். அதை ஈடுகட்ட இரண்டு எண் பெரிய ரவைக்குப் போக வேண்டும்: ஈயத்தில் 6 சுட்டவர் ஸ்டீலில் 4 (எண் குறையக் குறைய ரவை பெரிது). ரவை பெரிதானால் தோட்டாவில் எண்ணிக்கை குறையும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 கிராம் ஈயம், 6ஆம் எண், ஏறக்குறைய 270 ரவை. என் 20 போருக்குக் கிடைக்கும் 24 கிராம் ஸ்டீல், 4ஆம் எண், 200க்குக் கொஞ்சம் குறைவு. 12 போரில் 30 கிராம் ஸ்டீல் போட்டால் 245 வாக்கில்.

இன்று காலை அது கணக்காக மட்டும் இல்லை. பீட் வயலின் ஓரத்தில் ஒரு சேவல் எழுந்தது, நல்ல தூரம். இரண்டாவது குழலில் சுட்டேன், இறகு பறந்தது, பறவை விழவில்லை. இரண்டு வாய்க்கால் தாண்டிப் போய் இறங்கியது. ஒன்றரை மணி நேரம் தேடினோம். நாய் கடைசியில் நாணலுக்குள்ளிருந்து உயிரோடு கொண்டுவந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நான்தான் பொறுப்பு.

ஆகவே ஸ்டீல் சுடுகிறவருக்கு என் முதல் பதில் அப்படியே பொருந்தாது. லேசான 12 போர், 3 கிலோ முதல் 3.1 வரை, இப்போது அதுதான் சரி என்று படுகிறது. 20 போரை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அதை எடுத்தால் 30 அடி எடுத்துவைப்புக்கு மேல் சுடக்கூடாது என்று மனதுக்குள் வேலி போட்டுக்கொள்ள வேண்டும்.

12 அக்டோபர்

"ஈயமே சுடலாமே, இன்னும் தடை வரவில்லையே?" என்று இரண்டு பேர்.

நீர்ப்பறவைக்கும் சில பாதுகாக்கப்பட்ட ஈரநிலங்களுக்கும் இங்கிலாந்தில் 1999லிருந்தே தடை. மற்ற இடங்களுக்கும் வருகிறது: 2025 ஜூலையில் அரசு அறிவித்துவிட்டது, மூன்றாண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது துப்பாக்கி வாங்குகிறவர் அடுத்த இருபது வருடத்துக்கு வாங்குகிறார், அதனால் இதை நினைத்துத்தான் வாங்க வேண்டும். என் காரணம் தடைக்கு முந்தியது. நான் கொண்டுவரும் கறியை என் மகள் சாப்பிடுகிறாள். மிளகு போட்டு வறுத்த புறா நெஞ்சுக்கறி என்றால் அவளுக்கு உயிர். ஈயத்தில் சுட்ட பறவையைக் குழந்தைகள் அதிகம் சாப்பிடக்கூடாது என்று உணவுத் தரத் துறையே சொல்லியிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து ஈயத் தோட்டாவை எடுக்கக் கை வரவில்லை.

ஸ்டீல் ரவை பல்லில் பட்டால் பல் உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமைக்கும் முன் கறியை விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். ரவை போன துளையில் இறகு ஒட்டியிருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் பாதி ரவை அதோடு வந்துவிடும்.

19 அக்டோபர்

பழைய ஆங்கிலேயப் பக்கவாட்டு இரட்டைக்குழல் சில நூறு பவுண்டுக்கு ஏலத்தில் கிடைக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள்.

எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம் உண்டு. 1875இல் பர்மிங்காமில் உருவான ஆன்சன்-டீலி பூட்டு (துப்பாக்கியின் சுடும் இயக்கப் பகுதி), இன்றைக்கும் அதே அமைப்பில் புதுத் துப்பாக்கி செய்கிறார்கள். 2.9 கிலோவில் 12 போர், நடப்பதற்கென்றே செய்த மாதிரி கையில் உட்காரும். இரண்டு விசை இருக்கும்: முன்னது விரிந்த குழல், பின்னது இறுக்கமான குழல். தூரத்தில் எழுந்தால் விரலை நேராகப் பின் விசைக்குக் கொண்டு போகலாம், பொத்தான் எதையும் தள்ள வேண்டாம். நடந்து சுடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் மூன்று விஷயம் பார்க்காமல் தொடாதீர்கள். ஒன்று, தோட்டா அறையின் நீளம். பழையவற்றில் பல 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் போகும், மூடவும் மூடும், சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இரண்டு, ப்ரூஃப் முத்திரை, அதாவது குழலின் வலுவைச் சோதித்துக் குத்தும் முத்திரை. லண்டன் அல்லது பர்மிங்காம் ப்ரூஃப் சோதனைக்கூடத்தின் முத்திரை இப்போதுள்ள குழலின் அளவோடு பொருந்த வேண்டும். மூன்று, குழலின் சுவர் கனம். இதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் கருவி வைத்து அளந்து சொல்ல வேண்டும், கண்ணால் தெரியாது.

இவற்றில் தேறிய பழைய துப்பாக்கிக்கும் நான் ஸ்டீல் போட மாட்டேன், பிஸ்மத் போடுவேன். பிஸ்மத் ஈயம் மாதிரி மென்மை, குழலைக் கீறாது. ஒரு தோட்டா ஒரு பவுண்டுக்கு மேல் ஆகும். வருடத்துக்கு நூறு தோட்டா சுடுகிறவருக்கு அது பெரிய செலவில்லை. நடந்து சுடுவதில் அவ்வளவுதான் ஆகும்.

ஸ்டீலே வேண்டும் என்றால் ஸ்பெயினின் ஐபார் ஊரில் ஆயா (AYA) என்ற நிறுவனம் செய்யும் பக்கவாட்டுக் குழல்களில் பிற்காலத்தவற்றைப் பாருங்கள், அல்லது பெரெட்டா, பிரவுனிங், மிரோகு மேல்கீழ்க் குழல்களில் வயலுக்கென்று செய்த மாடல்கள். அதிக வேக ஸ்டீல் தோட்டாவுக்குக் குழலில் லில்லிப்பூ முத்திரை இருக்க வேண்டும். சாதாரண ஸ்டீலுக்கு அது தேவையில்லை, ஆனால் சோக் அரைக்கு மேல் போக வேண்டாம்.

1 நவம்பர்

இன்று எழுத நினைத்தது வேறு. ஆனால் இதை எழுதாமல் தூக்கம் வராது.

எங்கள் வாய்க்கால்கள் ஆள் ஆழம். காலையில் ஒன்றைத் தாண்டும்போது துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துப் பாக்கெட்டில் போட்டேன், வழக்கமாகச் செய்வதுதான். இறங்கும்போது கால் வழுக்கியது. குழலின் முனை கரையில் போய்க் குத்தியது. எழுந்து, மேலே ஏறி, நாய் ஏற்கெனவே வாலை ஆட்டிக்கொண்டு எதையோ மோப்பம் பிடிக்க, அவசரத்தில் இரண்டு தோட்டாவையும் எடுத்துக் கையில் வைத்துவிட்டேன். போடுவதற்கு முன் குழலுக்குள் பார்த்தேன். கீழ்க் குழலில் வெளிச்சம் தெரியவில்லை. முனையில் கட்டைவிரல் நீளத்துக்குக் கறுப்புக் களிமண் தக்கை போல அடைத்திருந்தது.

அந்தக் குழலில் சுட்டிருந்தால் முனை பிளந்திருக்கும். கை நடுக்கம் நிற்க நேரமானது. நாய் கிளப்பிய ஃபெசன்ட் பெட்டை பறந்து போனது, பார்த்துக்கொண்டே நின்றேன்.

துப்பாக்கித் தேர்வுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. திறந்து மூடும் இரட்டைக்குழலில் உள்ளே பார்க்க ஒரு வினாடி போதும். விழுந்து எழுந்தால், சேற்றில் முனை பட்டால், வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால், உடனே திறந்து வானத்தைப் பாருங்கள். வேலி ஏறும்போதும் வாய்க்கால் தாண்டும்போதும் தோட்டா உள்ளே இருக்கவே கூடாது. சேஃப்டி பூட்டியிருந்தாலும் கூடாது. சேஃப்டி பெரும்பாலான துப்பாக்கிகளில் விசையைத்தான் தடுக்கிறது, கீழே விழும் அதிர்ச்சியை அல்ல.

2 நவம்பர்

தானாகப் பூட்டும் சேஃப்டி வேண்டுமா என்றால், எனக்கு வேண்டும். க்ளே சுடுகிறவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள், அவர்களுக்கு இடைஞ்சல். நடப்பவருக்குத் துப்பாக்கியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது பூட்டிக்கொள்வது நிம்மதி. செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது இது கழற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

16 நவம்பர்

செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் ஒற்றைக்குழல்) பற்றி: லேசு, உதை குறைவு, விலையும் குறைவு. ஷாட்கன் சான்றிதழில் மேகசினில் இரண்டு, அறையில் ஒன்று, மொத்தம் மூன்று தோட்டா. தனியாகப் புறாவுக்கு நல்லது. கூட ஆள் நடக்கும்போது எனக்கு ஒப்பாது. இரட்டைக்குழலைத் திறந்து கையில் தொங்கவிட்டால் அது காலி என்று ஐம்பது மீட்டரிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். செமி ஆட்டோ காலியா இல்லையா என்பது பிடித்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். காலித் தோட்டாவும் புல்லுக்குள் பறந்துவிடும், ஆடு மாடு மேயும் நிலத்தில் அதைத் தேடிப் பொறுக்க வேண்டும்.

தோட்டாவுக்குள் ரவைக்குப் பின்னால் இருக்கும் தக்கையும் அப்படித்தான், நிலத்தில் விழும். எங்கள் பண்ணைக்காரர் பிளாஸ்டிக் தக்கை விடமாட்டார். ஸ்டீலுக்குக் குழலைக் காக்கும் கிண்ணம் வேண்டும், ஆகவே மக்கிக் கரையும் கிண்ணம் உள்ள தோட்டாதான் வாங்குகிறேன். முதலில் உங்கள் நிலக்காரரிடம் கேளுங்கள், அப்புறம் பெட்டிக் கணக்கில் வாங்குங்கள்.

23 நவம்பர்

லெஸ்டரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். கணவருடைய துப்பாக்கியை எடுத்தால் கன்னத்தில் அடிக்கிறது, மேலே மேலே போகிறது, தனக்கு இது வராதோ என்று.

உங்கள் குறை இல்லை அம்மா, கட்டை பொருந்தவில்லை. ஆண்களின் சராசரி அளவுக்குச் செய்த கட்டை பெண்களுக்குப் பெரும்பாலும் நீளம் அதிகம், கீழ்முனை நெஞ்சில் குத்தும், அதனால் துப்பாக்கி தோளில் சரியாக உட்காராமல் உருளும். நீளத்தைக் குறைத்து, கீழ்முனையை வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் போதும். இன்னொன்றும் பாருங்கள்: எந்தக் கண் ஆள்கிறது? வலது தோளில் வைத்து இடது கண் ஆண்டால் எல்லாம் இடதுபக்கம் போகும். சுடும் பள்ளிகளில் ஒரு மணி நேரம் எடுத்தால் கட்டை அளவும் கண்ணும் பார்த்துச் சொல்வார்கள். துப்பாக்கி வாங்கும் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். எல்லோருக்கும் சொல்கிறேன், தம்பிக்கும் சேர்த்து.

6 டிசம்பர்

தம்பி இன்னும் வாங்கவில்லை. என்னுடைய இரண்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். நல்ல யோசனை. சான்றிதழ் உள்ளவரிடம் சான்றிதழ் உள்ளவர் 72 மணி நேரம் வரை ஷாட்கன் இரவல் கொடுக்கலாம், சான்றிதழில் பதிய வேண்டியதில்லை. இங்கிருந்து அவர் இருக்கும் கிங்ஸ் லின் பக்கம் ஒரு மணி நேரப் பயணம். அடுத்த வாரம் போகிறேன்.

அதற்கு முன் இங்கே சிதறல் பார்த்தேன். இரும்புத் தகட்டில் ஸ்டீல் ரவை சுடக்கூடாது, திரும்பி முகத்துக்கு வரும். பழைய வால்பேப்பர் சுருளின் பின்பக்கத்தை மரச்சட்டத்தில் ஆணியடித்து, மண்மேட்டுக்கு முன் நிறுத்தி, 35 அடி எடுத்துவைத்துச் சுட்டேன். 30 அங்குல வட்டத்துக்குள் 20 போர் கால் சோக்கில்: 112, 121, 109. 12 போர் கால் சோக்கில், 30 கிராம்: 148, 155, 151. ஃபெசன்ட்டுக்கு 120க்குக் குறையக் கூடாது என்று எனக்கு நானே வைத்திருக்கும் அளவு. அக்டோபர் 11 சேவலுக்கு இப்போது பதில் கிடைத்தது.

14 டிசம்பர்

இருவரும் நடந்தோம். முதல் நாள் அவருக்கு 20 போர், எனக்கு 12. மறுநாள் மாற்றிக்கொண்டோம். அவர் 20 போரில் சுட்டது எல்லாம் பறவைக்குப் பின்னால் போனது. லேசாக இருப்பதால் தூக்குவது வேகம், ஆனால் சுடும் கணத்தில் குழல் நின்றுவிடுகிறது. 3.31 கிலோ 12 போரில் மூன்றுக்கு இரண்டு விழுந்தது. ஆனால் மதியம் இரண்டு மணிக்குத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டார், பிறகு எழுந்த இரண்டு பறவைக்கும் தயாராக இல்லை.

பழைய பர்மிங்காம் கணக்கு ஒன்று உண்டு: துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப் போல 96 மடங்கு. 28 கிராமுக்கு 2.69 கிலோ, 30க்கு 2.88. அதற்குக் கீழே போனால் உதை அதிகம். நான் சொல்வேன், கீழ் எல்லை அது, அதன் மேல் 150 கிராம் வையுங்கள். முன்பு ஒரு நாள் அலுமினியப் பூட்டு வைத்த மிக லேசான 12 போரை இரவல் வாங்கி நடந்தேன். தூக்குவது சுகம், ஆறாவது தோட்டாவுக்குப் பிறகு கன்னம் பயந்து விலகியது.

27 டிசம்பர்

நேற்று முழுக்க மழை. வீட்டுக்கு வந்தவுடன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுங்கள், சாப்பாடு அப்புறம். மூன்றாகக் கழற்றி, துணியால் துடைத்து, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் கண்ணெதிரில் வைத்து, பிறகு எண்ணெய் பூசி அலமாரியில் பூட்டுங்கள். ஒரே ஒரு ராத்திரி ஈர உறையில் கிடந்து என் முதல் துப்பாக்கியின் நடுப்பட்டையில் துரு ஏறியது, இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது.

10 ஜனவரி 2026

வாங்கிவிட்டார். செகண்ட்ஹேண்ட், 12 போர், மேல்கீழ்க் குழல், 28 அங்குலம், கழற்றும் சோக், லில்லிப்பூ முத்திரை, தானியங்கிச் சேஃப்டி அப்படியே இருக்கிறது. கொக்கித் தராசில் 3.05. கட்டையில் கால் அங்குலம் குறைக்கக் கொடுத்திருக்கிறார்.

31 ஜனவரி

கடைசி நாள், கிங்ஸ் லின்னில். பண்ணைக்காரர் ஒரு மூலையில் இன்னும் பிடுங்காத பீட் வைத்திருந்தார். நான் துப்பாக்கி எடுத்துப் போகவில்லை, நாயை மட்டும் கொண்டு போனேன்.

வரிசைகளுக்கு நடுவில் மெதுவாக நடந்தோம். ஒரு சேவல் எழுந்தது, 25 அடி எடுத்துவைப்பு இருக்கும், முதல் குழலில் மடங்கி விழுந்தது. தம்பி திறந்து, காலித் தோட்டாவைப் பாக்கெட்டில் போட்டு, குழலுக்குள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் தோட்டா போட்டார். நான் எதுவும் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் பெரிய முயல் ஒன்று கிளம்பி நேராக ஓடியது. சுட எளிதான தூரம். துப்பாக்கி தோளுக்குப் போனது, பாதியில் இறங்கியது. முயலுக்குப் பின்னால் நான்கடி தள்ளி, பீட் இலைக்கு மேலே, என் நாயின் வால் தெரிந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை, அவர் பார்த்திருக்கிறார்.